நூற்றுக்கு எத்தனை?

பங்குனி இரண்டாம் ஞாயிறன்று வலங்கைமானில் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டே வகை. நடக்க முடியாதவர்கள், ஊருக்குப் புதியவர்கள். முழங்கால் வலியால் நான் முதல் வகை. பெங்களூரில் முப்பத்தாறு வருஷம் இருந்துவிட்டு வந்ததால் இரண்டாம் வகையும்தான் என்பார் என் மாப்பிள்ளை. தங்கை புருஷன். என்னைவிட ஆறு வயது இளையவர், பேச்சில் பத்து வயது மூத்தவர்.

அன்று வரதராஜம்பேட்டைத் தெரு மகா மாரியம்மன் கோயிலில் பாடைக்காவடித் திருவிழா. வெளியூர் வாசகர்களுக்காக இரண்டு வரி. பிழைப்பது கஷ்டம் என்று கைவிடப்பட்டவர்கள் அம்மனுக்கு வேண்டிக்கொள்வார்கள். பிழைத்துவிட்டால், குடமுருட்டியில் குளித்து, பச்சை மூங்கிலில் கட்டிய பாடையில் பிணம்போலப் படுத்து, நாலு பேர் தூக்க, கோயிலைச் சுற்றி வருவார்கள். சன்னதியில் தீர்த்தமும் விபூதியும் தெளித்த பிறகு எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார்கள். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு அடிவயிறு கலங்கும். மாப்பிள்ளையே பாம்பு கடித்துப் பிழைத்த வருஷம் பாடைக்காவடி எடுத்தவர்தான்.

அன்று சாயங்காலம், உளுந்து காயப்போட்டிருந்த வாசலில் உட்கார்ந்திருந்தபோது, காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தங்கை கேட்டாள்.

"அண்ணே, தம்பி புது இன்ஜின் போட்ட பிளேன்ல ஏறப் போறானாமே. நூத்துக்கு எத்தனை ஆபத்துன்னு சொல்லுங்க. நீங்க அந்தக் கணக்குத்தானே பார்த்தீங்க?"

தம்பி என்றது அவள் மகனை. முப்பத்துமூன்று வயது. ஃப்ளைட் டெஸ்ட் இன்ஜினியர். அதாவது, புதிதாகச் செய்த விமானத்தில் பைலட்டோடு ஏறிக் கருவிகளைப் பார்த்துக் குறிப்பெடுப்பவன். இதுவரை தரையிலிருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இனி மேலே ஏற வேண்டும். இன்ஜின் இன்னும் சோதனையில் இருப்பது.

தங்கை சொன்னது சரி. நான் அந்தக் கணக்குத்தான் பார்த்தேன். ஓர் இன்ஜினில் எந்தப் பாகம் எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை கெடும், கெட்டால் என்ன ஆகும் என்று புள்ளியியலில் கணக்குப் போட்டுக் கையெழுத்திடுகிற வேலை. நம்பகத்தன்மைப் பிரிவு என்று பெயர். என் கையெழுத்துக்கு மேலே எப்போதும் ஓர் எண் இருக்கும். லட்சத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று என்று. அவள் கேட்டதும் அந்த எண்ணைத்தான். எனக்கு வாய் வரவில்லை.

மாப்பிள்ளை குறுக்கே வந்தார். "இன்ஜின் நல்லா இருக்கா இல்லியான்னு சத்தத்திலயே தெரியாதா மச்சான்? எதுக்குக் கணக்கு?" மேட்டூர் திறக்காமலும் கரண்ட் வராமலும் போகும் நாட்களுக்காகப் பழைய ஆயில் இன்ஜின் ஒன்றை அவர் இன்னும் கொட்டகையில் வைத்திருக்கிறார். அதன் சத்தம் மாறினால் தூக்கத்திலிருந்து எழுந்து போவார்.

அங்கே ஆரம்பித்த வாதம் ராத்திரி சாப்பாடு வரை போனது.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். வலங்கைமானில் எல்லோருக்கும் புரிகிற உதாரணம் வெடி. தீபாவளிக்கு நாலு ஊர்க்காரர்கள் இங்கே வந்து வாங்கிப் போவார்கள். ஒரு கொட்டகைக்காரர் புது மாதிரித் திரி செய்து முந்நூறு வெடி வெடித்துப் பார்க்கிறார், ஒன்றுகூடப் பிசகவில்லை. "பிசகே கிடையாது" என்று அவர் சொல்லலாமா? கணக்குப்படி, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நம்பிக்கையோடு சொல்லக்கூடியது இவ்வளவுதான்: நூற்றில் ஒன்றுக்கு மேல் பிசகாது. மூன்றை, வெடித்துப் பார்த்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எங்கள் தொழிலில் இதை மூன்றின் விதி என்பார்கள். நூற்றில் ஒன்று பிசகுகிற சரக்கிலிருந்து முந்நூறு எடுத்தாலும், இருபதில் ஒரு தடவை, ஒன்றுகூடப் பிசகாமல் வெடித்துவிடும்.

"அப்போ முப்பது வருஷமா விபத்தே இல்லேங்கிற கொட்டகை?"

"முப்பது வருஷத்துக்கு மூணு. பத்து வருஷத்துக்கு ஒண்ணு நடக்கிற இடமாவும் இருக்கலாம் மாப்ளே."

அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் பக்கத்து வெடிக்கொட்டகையின் திசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

இதே விதியை நம் ஊர் ஆற்றின் பெயர் வைத்த இன்ஜினுக்குப் போட்டுப் பாருங்கள். காவேரி இன்ஜின். பெங்களூர் ஜி.டி.ஆர்.இ. நிறுவனம் செய்தது. 1989ல் 382.81 கோடி ரூபாய்க்கு அனுமதி கிடைத்தது. தேஜஸ் போர் விமானத்துக்காக என்று தொடங்கியது, எடை கூடி, உந்துவிசை குறைந்து, 2008ல் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. 9 முழு இன்ஜின்கள், 4 கோர் இன்ஜின்கள், எல்லாம் சேர்த்து 3217 மணி நேரச் சோதனை என்று 2021ல் நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். முப்பது வருஷ உழைப்பு. ஒரு பேச்சுக்கு, அந்த 3217 மணியில் எந்தக் கோளாறுமே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம் (வந்தது, வராமல் எந்தப் புது இன்ஜினும் உருவாகாது). அப்போதும் நான் கையெழுத்திடக்கூடிய எண், சுமார் ஆயிரம் மணிக்கு ஒன்று. பயணிகள் விமானத்தில் பேரழிவு தரும் கோளாறுக்கு வைத்திருக்கும் வரம்பு என்ன தெரியுமா? நூறு கோடி மணிக்கு ஒன்று. இரண்டு இன்ஜின் விமானம் கடலுக்கு மேல் மூன்று மணி தூரம் விலகிப் பறக்க வேண்டுமானால், அதன் இன்ஜின்கள் ஐம்பதாயிரம் மணிக்கு ஒரு தடவைக்கு மேல் நடுவானில் அணையக் கூடாது. உலகம் முழுக்கப் பறக்கிற இன்ஜினுக்கு அந்தக் கணக்கு இருக்கிறது. சோதனையில் இருக்கும் இன்ஜினுக்கு ஒருநாளும் இருக்காது. போதாக்குறைக்கு, அந்த 13 இன்ஜின்களும் ஒன்றல்ல. ஒன்றில் கண்டதை வைத்து அடுத்ததை மாற்றியிருப்பார்கள். மாற்றிய பிறகு பழைய மணிக்கணக்கை எப்படிச் சேர்ப்பது? அது வேறு சரக்கு.

"அப்போ கணக்கு உதவாதுன்னு நீங்களே சொல்றீங்க."

இல்லை. இங்கேதான் மாப்பிள்ளைக்கும் எனக்கும் சண்டை.

என் உத்தியோகத்தில் நான் பெருமைப்படுகிற ஒரு வாரம் உண்டு. எரிபொருள் பம்ப்பின் சீல் அடிக்கடி ஒழுகிக்கொண்டிருந்தது. மொத்தம் ஏழு கெட்டிருந்தன. ரப்பர் வெப்பத்தில் தேய்கிறது, வேறு ரப்பர் வாங்க வேண்டும் என்று ஒரு கோஷ்டி. நான் அந்த ஏழு சீலும் எத்தனை மணியில் கெட்டன என்று வெய்புல் தாளில் புள்ளி வைத்தேன். வெய்புல் என்பவர் ஸ்வீடன் நாட்டு இன்ஜினியர். 1951ல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகமே அந்த முறையைப் பிடித்துக்கொண்டது. புள்ளிகளின் வழியே போகும் கோட்டின் சாய்வு ஒன்றுக்கு மேல் இருந்தால் பாகம் வயதாகித் தேய்ந்து சாகிறது. ஒன்றுக்குக் கீழே இருந்தால் பிறக்கும்போதே ஊனம். நட்ட நாலாம் நாள் நாற்று கருகினால் நோய் என்று மருந்தடிக்க மாட்டீர்கள், நட்டவர் கையைப் பார்ப்பீர்கள் இல்லையா, அதுபோல. எங்கள் கோடு ஒன்றுக்குக் கீழே விழுந்தது. போய்ப் பார்த்தால், சீலை மாட்டும்போது தண்டின் ஒரு கூரான விளிம்பு அதன் உதட்டைக் கீறுகிறது. அந்த விளிம்பில் அரை நிமிஷம் அரம் போட்டார்கள். ஒழுகல் நின்றது. எந்தக் காதும் அதைக் கண்டுபிடித்திருக்காது.

மாப்பிள்ளை தலையாட்டினார். தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை. "சரி, அது எங்க பார்க்கணும்னு சொல்லுச்சு. ஏறலாமா வேணாமான்னு சொல்லுச்சா?"

இந்த மனுஷர் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். இந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு இருபது வருஷம் ஆயிற்று.

கேட்க வைத்த சம்பவத்தை இதுவரை இங்கே எழுதியதில்லை. தொண்ணூறுகளின் நடுவில், நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு சின்ன டர்பைன் இன்ஜின் டெஸ்ட் பெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. 41 மணி நேரம் ஒரு குறையும் இல்லை. பின்பக்க பேரிங்குக்கு நான் கொடுத்திருந்த எண், பத்தாயிரம் மணிக்கு ஒன்று. அந்த எண் எங்கிருந்து வந்தது என்றால், பேரிங் கம்பெனி கொடுத்த தகவலிலிருந்து. அது வேறோர் இன்ஜினில், வேறு மாதிரி பொருத்தி ஓட்டிய பேரிங். அதை நானே அறிக்கையின் அடியில் சின்ன எழுத்தில் குறித்தும் இருந்தேன். யார் படிப்பார்கள்? மேலே இருந்த எண்ணை எல்லோரும் படித்தார்கள், நான் உட்பட.

அங்கே ஒரு மெக்கானிக் இருந்தார். கோலார் தங்கவயல் தமிழர், ஓய்வு பெற நாலைந்து வருஷம் இருந்தது. அன்று காலையில் கண்ட்ரோல் ரூமில் என்னிடம் வந்து, "சார், சத்தம் நேத்து மாதிரி இல்ல. நிறுத்திப் பார்ப்போம்" என்றார். நான் வைப்ரேஷன் மீட்டரைப் பார்த்தேன். வரம்புக்குள் இருந்தது. மீட்டரைக் காட்டினேன். பத்தாயிரத்தில் ஒன்று என்று விளக்கமும் சொன்னேன், சிரித்துக்கொண்டே. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மதியம் இன்ஜினை மெதுவான வேகத்துக்குக் கொண்டுவந்து, எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்க்க ஒரு ஹெல்ப்பர் பையனை உள்ளே அனுப்புவது அப்போதைய வழக்கம். பையன் கதவில் கை வைத்தான். மெக்கானிக் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, "இப்பப் போவாதே" என்றார். ஏன் என்று பையனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பேரிங் பிடித்துக்கொண்டது. தண்டு முறிந்து, உள்ளே இருந்த இரும்பெல்லாம் பக்கச் சுவரில். பையன் நின்று குனிந்து பார்க்க வேண்டிய இடத்தில் சுவரில் என் முழங்கை ஆழத்துக்குக் குழி.

விசாரணையில் என் கணக்கில் தவறு இல்லை என்று எழுதினார்கள். அது உண்மைதான். கணக்கில் தவறு இல்லை. எங்கள் இன்ஜின் எங்களுக்குச் சொல்லியிருந்தது 41 மணி நேரச் செய்தி மட்டும். மூன்றின் விதிப்படி பதினாலு மணிக்கு ஒரு தடவை உடையும் பேரிங்காகவும் அது இருந்திருக்கலாம். அந்த விதி எனக்குத் தெரியாததா? பத்தாயிரம் என்ற எண் பார்க்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. "அந்தப் பெரியவர் காதுதான் பெருசு" என்றார். அதையும் நான் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவர் "நிறுத்துங்க" என்று சொன்ன ஒவ்வொரு தடவையையும் குறித்தேன். அவர் ஓய்வு பெறும் வரை 11 தடவை. பிரித்துப் பார்த்ததில் மூன்று தடவை ஏதோ இருந்தது, எட்டுத் தடவை ஒன்றுமில்லை. அவர் ஓய்வு பெற்ற அன்று அதை அவரிடம் காட்டினேன். "எட்டு தபா தப்பா சொல்லிட்டேனா சார்?" என்று வருத்தப்பட்டார். பதினொன்றில் மூன்று! அந்த விலைக்கு அப்படி ஒரு கருவி எந்தக் கடையில் கிடைக்கும்? அவருக்குப் புரியவைக்க முடியாமல் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அமெரிக்காவில் இதே கூத்து பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1986 ஜனவரி 28ல் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73ஆம் வினாடியில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், இந்த விண்கலம் நாசமாகும் வாய்ப்பு எவ்வளவு என்று விசாரித்தார். மேலதிகாரிகள் லட்சத்தில் ஒன்று என்றார்கள். பட்டறையில் வேலை செய்த இன்ஜினியர்கள் நூற்றில் ஒன்று என்றார்கள். லட்சத்தில் ஒன்று என்றால் தினம் ஒன்றாக முந்நூறு வருஷம் அனுப்பினாலும் ஒன்றுதானே போக வேண்டும் என்று அவர் எழுதினார். கடைசியில் மொத்தம் 135 பயணத்தில் இரண்டு விண்கலங்கள் போயின.

தங்கை இதையெல்லாம் கேட்டுக்கொண்டே அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். "அவன் ஏறுற பிளேனுக்கு என்ன கணக்குன்னு இன்னும் சொல்லல" என்றாள்.

அவளிடம் சொல்லலாமா என்று யோசித்துத்தான் சரஸ் விமானத்தைப் பற்றிச் சொன்னேன். 2009 மார்ச் 6. நான் அப்போது பெங்களூரில்தான் இருந்தேன். என்.ஏ.எல். வடிவமைத்த சரஸின் இரண்டாவது மாதிரி விமானம் பிடதி பக்கத்தில் விழுந்தது. மூன்று விமானப்படை அதிகாரிகள் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ஃப்ளைட் டெஸ்ட் இன்ஜினியர். அந்த இன்ஜின் சோதனை இன்ஜினே அல்ல. கனடாவின் பிடி-6 குடும்பம். உலகத்தில் மிக அதிகமாகப் பறந்து பெயர் வாங்கிய இன்ஜின்களில் ஒன்று. அன்றைய வேலை, ஓர் இன்ஜினை வானத்திலேயே வேண்டுமென்று அணைத்து மறுபடி பற்றவைத்துப் பார்ப்பது. பற்றவைக்க வகுத்திருந்த முறை சரியில்லை, அதைச் செய்த உயரமும் போதாது என்று விசாரணையில் முடிவானது. இன்ஜினின் மணிக்கணக்கை எத்தனை தடவை பெருக்கி வகுத்தாலும் அந்த உயரம் அதில் வராது.

அதே சமயம் 2010 நவம்பரில் காவேரி இன்ஜினை முதல் தடவை வானத்துக்கு எப்படிக் கொண்டுபோனார்கள் என்று பாருங்கள். மாஸ்கோ பக்கத்தில், நாலு இன்ஜின் கொண்ட ஐ.எல்-76 சரக்கு விமானத்தில் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் காவேரியை மாட்டினார்கள். அது நின்றாலும் மற்ற மூன்று இழுத்துக்கொண்டு வரும். தேஜஸ் 2001 ஜனவரி 4ல் முதலில் பறந்ததும் அமெரிக்க எஃப்-404 இன்ஜினோடுதான். புது விமானம், புது இன்ஜின் இரண்டையும் ஒரே நாளில் நம்பவில்லை. பத்திரிகைகள் அதைத் தோல்வி என்று எழுதின. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ஆயிரத்தில் ஒன்றா பத்தாயிரத்தில் ஒன்றா என்ற கேள்விக்கு விடை தெரியாதபோது, கெட்டாலும் ஆள் திரும்பி வருகிற மாதிரி ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

"நம்ம ஊர்ல அதுக்குத்தான் அம்மா இருக்கா" என்றார் மாப்பிள்ளை. "காலையில பார்த்தீங்களே, எத்தனை பேர் எழுந்து நடந்தாங்க."

பாழாய்ப்போன தொழில் புத்தி. வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "எழுந்தவங்க மட்டும்தானே வர்றாங்க மாப்ளே. வேண்டிக்கிட்டும் பிழைக்காதவங்க வர மாட்டாங்களே. அந்தக் கணக்கு?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. கோவிலிலிருந்து பறைச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. "வராதவங்கள எங்களுக்குத் தெரியாதா மச்சான்? பக்கத்து வீடு, எதிர் வீடு. ஒவ்வொரு பாடை போறப்பவும் அவங்கள நெனச்சுத்தான் பொம்பளைங்க அழுவுறாங்க. ஒங்களுக்குத்தான் அது கணக்கு."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு தங்கை மகனுக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். நான் அவனிடம் எண் எதுவும் கேட்கவில்லை. நாலைந்து கேள்விதான் கேட்டேன். விமானமும் புதிதா, இன்ஜின் மட்டும் புதிதா? இன்ஜின் நின்றால் எஞ்சியிருக்கும் உயரத்தில் ஓடுபாதைக்கு வர முடியுமா? எந்த உயரத்துக்குக் கீழே வந்தால் மறுபடி பற்றவைக்கும் முயற்சியை விட்டுவிடுவீர்கள், அது தாளில் எழுதியிருக்கிறதா, தரையிலேயே முடிவானதா? நிறுத்தச் சொல்ல யாருக்கெல்லாம் உரிமை? கடைசிக் கேள்விக்கு அவன், "யார் வேணாலும் சொல்லலாம் மாமா" என்றான்.

"மெக்கானிக்?"

"அவரும்தான்."

"இதுவரைக்கும் சொல்லியிருக்காரா?"

கொஞ்சம் இடைவெளி. "ரெண்டு தடவை. ஒரு தடவை ஒண்ணுமில்ல. இன்னொரு தடவை பைப் கிளாம்ப் ஒண்ணு லூஸா இருந்துச்சு."

"நோட்டுல குறிச்சு வை" என்றேன். ஏன் மாமா என்று சிரித்தான். விமானம் பழையதுதானாம், இன்ஜின் மட்டும்தான் புதிது. உயரக் கணக்கு எழுதியிருக்கிறதாம். அதை எனக்கு அவன் சொல்லக் கூடாது, நானும் கேட்கவில்லை.

போனை வைத்ததும் தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போகட்டும்மா, கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு வெச்சிருக்காங்க" என்றேன். நூற்றுக்கு எத்தனை என்று அவள் மறுபடி கேட்கவில்லை.

சித்திரையில் ஒரு நாள் பறக்கிறார்கள். தேதியை அவன் என்னிடம் சொல்லியிருக்கிறான், அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறான். நேற்று மாப்பிள்ளை ஆயில் இன்ஜினுக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டே, பேச்சுவாக்கில் கேட்பதுபோல, "என்னிக்கு மச்சான்?" என்றார். அவள் கேட்கச் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தது. தெரியாது என்றேன். அவர் இன்ஜினை ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு அணைத்துவிட்டு மறுபடியும் திறந்து பார்க்க ஆரம்பித்தார்.